ஃபோமட் செய்ய முன்: மென்பொருள்களை இழக்காமல் விண்டோசைத் திருத்துவது எப்படி?

லாச்சப்பலில் சிறிய மளிகைக்கடை நடத்தும் தம்பி ஒருவர், சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தனது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எபினே-சூர்-செய்னில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். கணினி மெதுவாக ஓடியது, அப்டேட் ஏறவில்லை, அடிக்கடி நீலத்திரை வந்தது என்று அதை ஒருவரிடம் திருத்தக் கொடுத்திருக்கிறார். இரண்டு நாளில் புதுக்கணினி போலத் திரும்பி வந்தது. பிள்ளைகளின் படங்கள் இருந்தன. கடிதங்கள் இருந்தன.

"எல்லாம் இருக்குது அண்ணை. கணக்குப் புறோகிராமைத்தான் காணேல்லை" என்றார்.

அந்த மென்பொருள் பல வருடங்களுக்கு முன் இறுவட்டில் வாங்கியது. இறுவட்டு எங்கே என்று தெரியாது. பதிவு இலக்கம் எழுதிய தாளும் இல்லை. விற்றவர் கடையை மூடிவிட்டார். போதாக்குறைக்கு, கணக்குத் தரவுகள் அந்த மென்பொருளின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே இருந்தன. மென்பொருளோடு அவையும் போய்விட்டன. வங்கி அறிக்கைகளையும் கடதாசி ஃபக்தூர்களையும் வைத்துக்கொண்டு நான்கு வருடக் கணக்கை நாங்கள் மூன்று மாத மாலை நேரங்களில் திரும்பப் பதிந்தோம்.

நாங்கள் கணினித் தொழில்நுட்பவியலாளர்கள் அல்ல. வணிகமாணி படித்துவிட்டு அகதியாக வந்து, இங்கே கணக்குப் பதிந்து சீவிப்பவர்கள். ஆனால் இந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு விடயத்தைத் தேடிப் படித்தோம், எங்கள் பழைய கணினி ஒன்றில் செய்தும் பார்த்தோம். விண்டோஸ் பழுதடைந்தால் மென்பொருள்களை அழிக்காமலேயே அதைத் திருத்தலாம். வழி விண்டோசுக்குள்ளேயே இருக்கிறது. ஃபோமட் என்பது கடைசி மருந்து, முதல் மருந்து அல்ல.

மென்பொருள் ஏன் போய்விடுகிறது?

பலர் நினைப்பது போல ஒரு மென்பொருள் ஒரே கோப்புறைக்குள் அடங்கி இருப்பதில்லை. அதன் முக்கிய கோப்புகள் ஓரிடத்தில் இருக்கும். அது பாவிக்கும் துணைக் கோப்புகள் விண்டோசின் கோப்புறையில் இருக்கும். அது எங்கே இருக்கிறது, யாருடைய பெயரில் பதியப்பட்டது, எந்த அச்சுப்பொறியோடு பேசுகிறது என்ற விபரங்கள் 'ரெஜிஸ்ட்ரி' என்ற பதிவேட்டில் இருக்கும். கணக்குக்காரர் பாசையில் சொன்னால், ரெஜிஸ்ட்ரி ஒரு பொதுப்பேரேடு. ஒரு கொடுக்கல் வாங்கலின் பற்று ஓரிடத்திலும் வரவு இன்னோரிடத்திலும் இருப்பதுபோல, ஒரு மென்பொருளின் பதிவுகள் அங்கே பல இடங்களில் பரந்திருக்கும்.

ஆகவே மென்பொருளின் கோப்புறையை மட்டும் யுஎஸ்பியில் நகல் எடுத்து, புதிய விண்டோசில் ஒட்டினால் பெரும்பாலும் அது ஓடாது. பேரேடு புதிது, அதில் இந்த மென்பொருளின் பெயரே இல்லை. பழைய பேரேட்டை வைத்துக்கொண்டே விண்டோசின் பழுதடைந்த கோப்புகளை மட்டும் மாற்றும் முறைதான் நமக்கு வேண்டும்.

பிரான்சில் இது ஏன் பெரிய விடயம்?

வீட்டுக் கணினி என்றால் மென்பொருளை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். கடைக் கணினி அப்படி அல்ல. பிரெஞ்சு வணிகச் சட்டப்படி கணக்கேடுகளையும் அவற்றுக்கான ஆதாரங்களையும் 10 வருடங்கள் வைத்திருக்க வேண்டும். கணினியில் கணக்கு வைத்திருப்பவர்கள், வரி அலுவலகம் பரிசோதனைக்கு வந்தால், எஃப்.இ.சி. எனப்படும் கணக்குப் பதிவுக் கோப்பை இலத்திரனியல் வடிவில் கொடுக்க வேண்டும் என்பது 2014 ஜனவரி 1 முதல் நடைமுறை. கொடுக்கத் தவறினால் 5,000 யூரோ தண்டம் உண்டு. அந்தக் கோப்பை உருவாக்குவது கணக்கு மென்பொருள்தான். தரவு இருந்தும் அதைத் திறக்கும் மென்பொருள் இல்லையென்றால், பூட்டிய பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திறப்பைத் தொலைத்த கதைதான்.

காசுப் பெட்டி மென்பொருளும் அப்படித்தான். வாடிக்கையாளரின் கொடுப்பனவைப் பதியும் காஸ் மென்பொருள், பதிவுகளை மாற்றவோ அழிக்கவோ முடியாத ஒன்றாக இருக்கவேண்டும் என்ற விதி 2018 ஜனவரி 1 முதல் இருக்கிறது. மீறினால் ஒரு மென்பொருளுக்கு 7,500 யூரோ தண்டம். அப்படிப்பட்ட கணினியில் யாரோ ஒருவர் ஃபோமட் செய்துவிட்டார் என்பது பரிசோதகரிடம் சொல்லக்கூடிய நல்ல விளக்கம் அல்ல.

கை வைக்க முன் செய்ய வேண்டியவை

எந்தத் திருத்தமும் தவறிப் போகலாம். ஆகவே முதலில் இவற்றைச் செய்யுங்கள்.

முதலாவது, நகல். ஆவணங்கள், படங்கள் மட்டும் போதாது. கணக்கு மென்பொருளைத் திறந்து, அதிலேயே உள்ள 'சோவ்கார்ட்' கட்டளையால் தரவை வெளி வன்தட்டுக்கு நகல் எடுங்கள். எஃப்.இ.சி. கோப்பு, பரீட்சை மீதி, ஐந்தொகை ஆகியவற்றை வருடவாரியாக வெளியே எடுத்து வையுங்கள். முடியுமானால் முழு வன்தட்டையும் அப்படியே பிரதிசெய்யும் மென்பொருள் ஒன்றால் விம்ப நகல் எடுங்கள். அது இருந்தால் எது பிழைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இரண்டாவது, வன்தட்டு. கடகடவென்ற சத்தம், கோப்புத் திறக்கப் பல நிமிடம், 'வாசிக்க முடியவில்லை' என்ற அறிவித்தல் இருந்தால் பழுது விண்டோசில் இல்லாமல் வன்தட்டிலேயே இருக்கலாம். சாகப்போகும் வன்தட்டில் விண்டோசைத் திருத்தினால் அது இன்னும் விரைவாகச் சாகும். முதலில் தரவை வெளியே எடுத்து, வன்தட்டை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, மீட்புத் திறப்பு. இப்போது வரும் பல மடிக்கணினிகளில் பிட்லொக்கர் அல்லது சாதன மறையாக்கம் தானாகவே இயங்குகிறது. திருத்தும்போது கணினி 48 இலக்க மீட்புத் திறப்பைக் கேட்கக்கூடும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இணையத்தில் அந்தக் கணக்குக்குள் சென்று, இலக்கங்களைக் கடதாசியில் எழுதி வையுங்கள். கணக்கைத் திறந்து தந்தது மருமகன், கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும் என்றால், இன்றைக்கே அவரிடம் கேளுங்கள்.

நான்காவது, பதிவு இலக்கங்கள். முக்கிய மென்பொருள் ஒவ்வொன்றையும் திறந்து, பதிவு இலக்கம் தெரியும் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

சிறியதிலிருந்து பெரியதற்கு

தலையிடிக்கு மண்டையைப் பிளக்கும் வைத்தியர் இல்லை. திருத்தமும் சிறியதிலிருந்தே தொடங்க வேண்டும்.

படி ஒன்று: கடைசியாக நடந்ததைத் திரும்பப் பெறுதல். நேற்று வரை ஓடிய கணினி இன்று ஓடவில்லை என்றால் இடையில் ஏதோ மாறியிருக்கிறது. விண்டோசின் அமைப்புகளில் அப்டேட் வரலாற்றுக்குள் சென்று, கடைசி அப்டேட்டை நீக்கலாம். அல்லது 'சிஸ்டம் ரெஸ்டோர்' மூலம் சில நாட்களுக்கு முன்பிருந்த நிலைக்குப் போகலாம். அது உங்கள் படங்களையும் கடிதங்களையும் தொடாது. ஆனால் அந்த நாளுக்குப் பின் நிறுவிய மென்பொருள்கள் நீங்கும். எவை நீங்கும் என்பதை முன்கூட்டியே பார்க்க அங்கேயே வசதி உண்டு. பல கணினிகளில் சிஸ்டம் ரெஸ்டோர் நிறுத்தப்பட்டே இருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே அதை இயக்கி வையுங்கள்.

படி இரண்டு: பழுதடைந்த கோப்புகளைத் திருத்துதல். இதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு. தேடும் பெட்டியில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி, வரும் கறுப்புச் சாளரத்தை வலது சொடுக்கால் 'நிர்வாகியாக' திறக்க வேண்டும். முதலில் 'டிஸ்ம்' கட்டளை: டி, ஐ, எஸ், எம் என்று எழுதி, அதன்பின் ஒன்லைன், கிளீனப்-இமேஜ், ரெஸ்டோர்ஹெல்த் என்ற மூன்றையும் ஆங்கிலத்தில், ஒவ்வொன்றுக்கும் முன் ஓர் இடைவெளியும் சாய்கோடும் இட்டு எழுத வேண்டும். அது முடிந்தபின் எஸ், எஃப், சி என்று எழுதி, இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் ஸ்கேன்நவ் என்பதை ஒரே சொல்லாக எழுத வேண்டும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. விண்டோஸ் தன் கோப்புகளின் நல்ல பிரதிகளை ஒரு களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. எஸ்எஃப்சி, பழுதான கோப்பை அந்தக் களஞ்சியத்தில் இருந்து எடுத்து மாற்றுகிறது. டிஸ்ம், களஞ்சியத்தையே இணையம் வழியாக மைக்ரோசொப்டிடம் இருந்து திருத்துகிறது. களஞ்சியத்தில் பழுதை வைத்துக்கொண்டு எஸ்எஃப்சியை ஓட்டினால் பலன் இராது. இரண்டும் உங்கள் மென்பொருள்களைத் தொடுவதில்லை. எங்கள் தம்பியின் கணினிக்கு ஒருவேளை இதுவே போதுமாக இருந்திருக்கும்.

படி மூன்று: விண்டோசின் மேல் விண்டோஸ். மேலே சொன்னவை பலிக்காவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோசுக்கு உள்ளிருந்தே விண்டோசை மீண்டும் நிறுவலாம். மென்பொருள்கள், அமைப்புகள், தரவுகள் எல்லாம் இருக்க, அடியில் உள்ள அமைப்பு மட்டும் புதிதாகும்.

விண்டோஸ் 11இல் இது இலகு. 22எச்2 பதிப்பும் அதற்குப் பிந்தியவையும் 2024 பெப்ரவரிக்குப் பிந்திய அப்டேட்டுகளோடு இருந்தால், அமைப்புகள், சிஸ்டம், மீட்பு என்று சென்றால் 'விண்டோஸ் அப்டேட் மூலம் பிரச்சினைகளைத் தீர்த்தல்' என்ற வரி இருக்கும். அதன் அருகில் உள்ள 'இப்போது மீள நிறுவு' பொத்தானை அழுத்தினால் போதும்.

விண்டோஸ் 10இல், அல்லது அந்த வரி இல்லாத கணினியில், மைக்ரோசொப்டின் தளத்தில் இருந்து ஐஎஸ்ஓ கோப்பை இறக்க வேண்டும். அதை இரண்டு முறை சொடுக்கினால் ஓர் இறுவட்டுப் போலத் திறக்கும். உள்ளே 'செட்டப்' என்ற கோப்பை இயக்குங்கள். வன்தட்டில் 25 ஜிபி அளவு இடம் வெறுமையாக இருப்பது நல்லது. மின்சாரத்தில் செருகி வையுங்கள். வேறு நிறுவனத்தின் வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் தற்காலிகமாக நிறுத்துங்கள்.

இறுதியில் எதை வைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் திரை வரும். மூன்று தெரிவுகள்: தனிப்பட்ட கோப்புகளும் மென்பொருள்களும், தனிப்பட்ட கோப்புகள் மட்டும், ஒன்றுமில்லை. முதலாவது தெரிவாகி இருக்க வேண்டும். அது மங்கலாக, தெரிவு செய்ய முடியாதபடி இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 'பரவாயில்லை' என்று இரண்டாவதை அழுத்தினால் மென்பொருள்கள் போய்விடும்.

நம்மவர் அதிகம் விழும் நான்கு பொறிகள்

முதற்பொறி மொழி. இங்கே கடையில் வாங்கும் கணினியில் பிரெஞ்சு விண்டோஸ் இருக்கும். நமக்கு ஆங்கிலம் வசதி என்று ஆங்கில ஐஎஸ்ஓவை இறக்குவோம். மொழி மாறினால் மென்பொருள்களை வைத்திருக்கும் தெரிவு மங்கிவிடும். திரையில் நீங்கள் பார்க்கும் மொழியைப் பின்னர் மாற்றியிருந்தாலும், முதலில் நிறுவப்பட்ட மொழிதான் கணக்கு. அது பிரெஞ்சு என்றால் பிரெஞ்சுக் கோப்பையே இறக்குங்கள்.

இரண்டாவது, பதிப்பு. வீட்டுப் பதிப்புக்கு இங்கே 'ஃபமீய்' என்று பெயர், மற்றது 'ப்ரொஃபெசியோனெல்'. இருப்பதே வரவேண்டும். ஐஎஸ்ஓ இருப்பதை விடப் பழையதாகவும் இருக்கக்கூடாது.

மூன்றாவது, யுஎஸ்பியில் இருந்து கணினியைத் தொடக்குவது. இது பழைய பழக்கம். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இறுவட்டில் இருந்து தொடக்கி, இரண்டாம் முறை கேட்கும்போது 'ஆர்' எழுத்தை அழுத்தினால் மென்பொருள்களோடு திருத்தும். அதில் தொழில் பழகியவர்கள் இன்றும் அப்படியே செய்கிறார்கள். விஸ்தாவில் இருந்து அந்த வழி மூடப்பட்டுவிட்டது. யுஎஸ்பியில் இருந்து தொடக்கி நிறுவினால் மென்பொருள்களை வைத்திருக்கும் தெரிவு கிடையாது. விண்டோஸ் ஓடும்போது உள்ளிருந்துதான் செட்டப்பை இயக்க வேண்டும்.

நான்காவதுதான் எங்கள் தம்பி விழுந்தது. 'இந்தக் கணினியை மீளமைத்தல்' என்ற வசதியில் 'என் கோப்புகளை வைத்திரு', பிரெஞ்சில் 'கொன்செர்வே மே ஃபிஷியே' என்று இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே கோப்பு என்பது படம், கடிதம், பாடல். நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் அகற்றப்படும். எவை அகற்றப்பட்டன என்ற பட்டியலை மட்டும் விண்டோஸ் முகப்புத்திரையில் வைத்துவிட்டுப் போகும். கணக்குத் தரவு மென்பொருளின் கோப்புறைக்குள் இருந்தால் அதைத் தனிப்பட்ட கோப்பாக அது எண்ணாது.

கணினி தொடங்கவே இல்லை என்றால்?

உள்ளிருந்து திருத்த முதலில் உள்ளே போகவேண்டும். தொடக்கம் இரண்டு மூன்று முறை தடைப்பட்டால் விண்டோஸ் தானாக மீட்புத் திரையைக் காட்டும். அங்கே தொடக்கத் திருத்தம், அப்டேட் நீக்கம், சிஸ்டம் ரெஸ்டோர், பாதுகாப்பு நிலை ஆகியன உண்டு. எப்படியாவது ஒருமுறை முகப்புத்திரை வரை கொண்டுவந்துவிட்டால், மூன்றாம் படியைச் செய்யலாம்.

2024 ஜூலை 19ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில் வந்த ஒரு பிழையான அப்டேட்டால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன என்று மைக்ரோசொப்ட் கணித்தது. விமான நிலையங்கள் முடங்கின. ஒலிம்பிக் தொடங்க ஒரு வாரம் இருந்த பாரிசிலும் ஏற்பாட்டுக் குழுவின் கணினிகள் பாதிக்கப்பட்டன. அந்தக் கணினிகளை ஃபோமட் செய்யவேண்டி இருக்கவில்லை. பாதுகாப்பு நிலையில் தொடக்கி, பிழையான ஒரேயொரு கோப்பை அழித்ததும் அவை எழும்பின. பிட்லொக்கர் திறப்பைக் கையில் வைத்திராதவர்களே அதிகம் தவித்தார்கள்.

திருத்திய பின்

முதல் வேலையாக விண்டோஸ் அப்டேட்டை முழுமையாக ஓட்டுங்கள். அச்சுப்பொறி, காஸ் சிட்டை அச்சுப்பொறி, அட்டை இயந்திரம் ஆகியவற்றைச் சோதியுங்கள். சில அமைப்புகள் பழைய இயல்புநிலைக்குப் போயிருக்கலாம்.

தமிழையும் பாருங்கள். பாமினி போன்ற எழுத்துருவில் எழுதிய பழைய கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். மேலே சொன்ன முறையில் எழுத்துருக்களும் தமிழ் விசைப்பலகை மென்பொருளும் தப்பும். ஃபோமட் செய்தால் தப்பாது. எழுத்துருக் கோப்புகளையும் முன்கூட்டியே நகல் எடுத்து வைப்பது நல்லது. 'லதா' எழுத்துருவைக் காணவில்லை என்றால், விண்டோசின் விருப்பத் தெரிவுகளில் தமிழ் மேலதிக எழுத்துருக்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய விண்டோஸ் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறையில் இருக்கும். ஏதாவது பிழைத்தால் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம். அதுவரை இடம் போதவில்லை என்று அதை அழிக்க வேண்டாம்.

ஃபோமட்தான் சரியான இடங்களும் உண்டு

வைரஸ் ஆழமாகப் புகுந்த கணினியில், எந்தக் கோப்பை நம்புவது என்று தெரியாதபோது, தரவை எடுத்துவிட்டுத் துடைத்து நிறுவுவதே பாதுகாப்பு. வன்தட்டை மாற்றும்போதும், விம்ப நகல் இல்லாவிட்டால், புதிதாக நிறுவத்தான் வேண்டும். கணினியை விற்க முன்னும் துடைக்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் உள்ளவர்கள் மைக்ரோசொப்ட் கணக்கோடு உள்நுழைந்து பதிந்தால், 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைக் கட்டணமின்றிப் பெறலாம். கணினி தகுதியானது என்றால் விண்டோஸ் 11க்கு மாறுவதும் இதே மூன்றாம் படியால் முடியும். மென்பொருள்கள் கூடவே வரும். "பதினொன்றுக்கு மாற ஃபோமட் வேண்டும்" என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

நாட்டைவிட்டு வரும்போது எதைக் கொண்டுவருவது, எதை விடுவது என்று தெரிவு செய்ய நமக்கு நேரம் இருக்கவில்லை. சான்றிதழ்களைக் கொண்டுவந்தவர்கள் கொஞ்சப்பேர். விட்டுவந்தவர்கள், நாங்களும்தான், ஒரு பிரதிக்காகப் பல வருடங்கள் கடிதம் எழுதினோம். கணினி விடயத்தில் அந்தத் தெரிவு நம் கையில் இருக்கிறது.

எனவே கணினியைத் திருத்தக் கொடுக்கும்போது, விலை கேட்க முன் இதைக் கேளுங்கள்: "என் மென்பொருள்கள் இருந்தபடியே இருக்குமா, அல்லது கோப்புகள் மட்டும்தானா?" திருத்துபவர் தயங்கினால் கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் நகல் எடுங்கள். அந்தத் தம்பி இப்போது ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கடை பூட்டிய பிறகு கணக்கை வெளி வன்தட்டில் ஏற்றுகிறார். ஒன்று கடையில், மற்றது எபினேயில் எங்கள் வீட்டு அலுமாரியில்.